அறுத்துப் பார்த்த ஃபில்டர்

பட்டறைத் தெருவில் கார் மெக்கானிக்கான அவனுக்கு ‘அறுவை’ என்று பெயர். பழைய ஆயில் ஃபில்டர் எது கையில் சிக்கினாலும் அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்ப்பான் என்பது பாதிக் காரணம். பார்த்ததை எதிரில் நிற்பவரிடம் காது புளிக்கச் சொல்வான் என்பது மீதி. பெரிய கம்பெனி ஃபில்டர் என்றால் அவனுக்கு உயிர். பல்பொருள் அங்காடி தன் பெயரை ஒட்டி விற்கும் ஃபில்டரைக் கண்டாலோ முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

இதில் விவரம் பாதி, வீம்பு பாதி. அக்காவின் கணவர் அங்காடி ஃபில்டரைத்தான் வாங்குவார். வாங்கிவிட்டுப் போகட்டும், யார் கேட்டார்கள்? ஆனால் ஒரு நாள் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும்போது, மச்சினன் கம்பெனி ஃபில்டரைத் தூக்கிப் பிடிப்பது கமிஷனுக்காக என்று சொல்லிவிட்டார் மனிதர். சொன்னவர் அடுத்த வாய்ச் சோற்றுக்குள் அதை மறந்துவிட்டார். இவன் மறப்பானா? அன்று முதல் மாமாவின் மூக்கை உடைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வாடகைக் கார் ஓட்டுபவள். காலையில் இன்ஜினைக் கிளப்பினால் உள்ளே யாரோ தட்டுவது போல் கேட்கிறது என்று தம்பியிடம் வந்து சொன்னாள். இவன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. ஃபில்டருக்குள் ஆயிலைத் தேக்கும் ரப்பர் வால்வு மட்டமானதாக இருந்தால் நின்ற வண்டியில் ஆயில் வடிந்துவிடும், கிளப்பும்போது கொஞ்ச நேரம் தட்டும், எல்லாம் உன் வீட்டுக்காரர் வாங்கிய சரக்கின் லட்சணம் என்றான். அப்படியும் நடப்பதுண்டுதான். மறுபடி வந்தாள். இப்போது ஓடும்போதும் கேட்கிறது, மேடு ஏறினால் அதிகமாகிறது என்றாள். அதற்கும் அதே பாட்டைப் பாடினான்.

மலைக்குச் சவாரி கிளம்பும் அன்று காலையில், பழையதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஃபில்டரைப் போட்டு, புது ஆயில் ஊற்றி, இனிமேல் சத்தம் வந்தால் என்னைக் கேள் என்று தோரணையாக அனுப்பிவைத்தான். அறுத்துப் பார்த்துவிட்டு அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? மாமா வரட்டும், அவர் கண் முன்னாலேயே அறுக்கலாம் என்று கழற்றியதைப் பத்திரமாக எடுத்து வைத்தான் மகாராஜன்.

மதியம் மாமாவை வரவழைத்தான். வேறொரு காரில் அதே தூரம் ஓடிய கம்பெனி ஃபில்டரையும் பக்கத்தில் வைத்தான். ரம்பம் போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழும் என்று, டப்பா திறக்கும் கத்தி போன்ற ஒன்றால் இரண்டையும் சுற்றி அறுத்தான். கம்பெனி ஃபில்டரில் மடிப்புகள் வரிசை குலையாமல் கருத்திருந்தன. பெருமையோடு மாமா பக்கம் தள்ளினான். அடுத்து அங்காடி ஃபில்டர். அதன் ரப்பர் வால்வும் கிழியாமல், விறைக்காமல் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. சரி, காகிதமாவது காட்டிக்கொடுக்கட்டும் என்று விரித்தான். மடிப்புக்கு மடிப்பு மினுமினுவென்று செம்பு நிறத் துகள்.

“பாத்தீங்களா மாமா, உங்க ஃபில்டர்...” என்று தொடங்கியவன் துகளை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தான். ஃபில்டருக்குள் செம்பு ஏது? காந்தத்தை வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை; இரும்பு இல்லை, செம்பேதான். இன்ஜினுக்குள் செம்புப் பூச்சுள்ள பேரிங் தேய்ந்து உதிர்கிறது. அக்கா சொன்ன சத்தம் அதுதான். இவன் ஏசிய ஃபில்டர் உதிர்ந்ததையெல்லாம் ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கிறது. அக்காவோ ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இருக்கிறாள். வளைவில் இன்ஜின் இறுகி நின்றால் ஸ்டீயரிங் லேசில் திரும்பாது, பிரேக்கும் கல்லாகிவிடும்.

போன் அடித்தான். மணி போகவே இல்லை. மாமா என்ன என்று கேட்டார்.

“சத்தம் ஃபில்டரால இல்ல மாமா. இன்ஜின் போகுது. நான்தான் பாக்காம விட்டுட்டேன்.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாவியை எடுத்துக்கொண்டு தன் காருக்கு ஓடினார்.

இவனும் ஏறிக்கொள்ள, மாமா மலைப்பாதையில் காரை விரட்டினார். ஒவ்வொரு வளைவிலும் இவன் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஓர் இடத்தில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். மாமா வேகத்தைக் குறைத்தார். கிட்டே போனால், பாரம் சரிந்த ஒரு லாரி. போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கும் மேலே அக்காவின் கார் மலைச்சுவரை ஒட்டி நின்றிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்திருந்தாள். சவாரி வந்த தம்பதியும் அவர்கள் மகளும் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் பலத்ததுமே ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டாள். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. மாமா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இவன் பின்னாலேயே போய்ச் செம்புத் துகள், காந்தம், பேரிங் என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தடவை வந்து சொன்னேன்டா. நீ வண்டியப் பாக்கவே இல்ல. இவர் மேல எப்படா தப்புக் கண்டுபிடிக்கலாம்னு பாத்துட்டு இருந்த.”

பிறகு சவாரிக்காரர்களின் பைகளைக் கணவரின் காருக்கு மாற்றி, மூவரையும் பின்னால் ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்கு வந்து உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஏறிய மாமா, மச்சினன் அங்கேயே நிற்பதைப் பார்த்துக் கதவைத் திறந்தார்.

“நீயும் வாப்பா. நெருக்கி உக்காந்துக்கலாம்.”

“வேண்டாங்க,” என்றாள் அக்கா. “இழுத்துட்டுப் போக நான் கீழ போய் ஆள் அனுப்புற வரைக்கும் அவன் வண்டிகிட்டயே இருக்கட்டும்.”