டெலித் சொல்லாமல் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

லண்டனுக்கு மேற்கே இருக்கிற மெர்தர் ஊரில் மலிவாக வெளியூர் போக வேண்டுமென்றால் டெலித்தைத்தான் கேட்பார்கள். நகராட்சி நீச்சல் குளத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. சம்பளம் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில் ஊரே மழையில் ஊறிக் கிடக்கும்போது, ஐரோப்பாவில் ஏதாவதொரு பெரிய நகரத்தில் மூன்று நாள் மகாராணி மாதிரி சுற்றிவிட்டு வந்துவிடுவாள். எந்த விமானம் எந்தக் கிழமையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், எந்த அருங்காட்சியகத்தில் என்றைக்குக் காசில்லாமல் விடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சின்னப் பை ஒன்றோடு விமானம் ஏறுவாள். பெட்டிக்குத் தனிக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

கட்டியவன் விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. நெஸ்டா இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை. போகிற இடத்துக்கெல்லாம் டெலித்தோடு அவளும் போவாள்.

நெஸ்டாவின் புருஷன் க்விலிம் மட்டும் கடைசிவரை விமானத்தில் ஏறவில்லை. அந்த வருஷம் போலந்துக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமையும் செருப்புக்கூட இல்லாமல் வாசலில் வந்து நின்றுகொண்டு டெலித்தை வம்புக்கு இழுத்தான்.

"இந்தத் தடவை என்ன டிக்கெட்டு? றெக்கை மேல உக்காத்தி வச்சுக் கூட்டிட்டுப் போறானா?"

"உனக்கும் சேத்துத்தான் கேட்டேன் க்விலிம். ஓசின்னாலும் இந்த மூஞ்சியை ஏத்த முடியாதுன்னுட்டான்."

"ஊரான் வீட்டுக் கோயிலைப் பாக்க நான் எதுக்குடி வரணும்? எம்பொண்டாட்டியை முழுசா திருப்பிக் கொண்டாந்து விட்டுடு, அது போதும்."

போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் வ்ரோட்சுவாஃப். நெஸ்டாவுக்கு அது கடைசிவரை வாயில் நுழையவில்லை. 'அந்தத் தும்மல் ஊர்' என்றே சொன்னாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை. குளியலறை நடைக் கோடியில், எல்லாருக்கும் பொது. சனிக்கிழமை முழுவதும் தெருமூலைகளில் குட்டிக் குட்டியாக நிற்கிற வெண்கலக் குள்ளர்களைத் தேடித் தேடி எண்ணிக்கொண்டு அலைந்தார்கள். அதற்குக் காசு கிடையாது. தபால் பெட்டி மேல் ஒருவன், வங்கி வாசலில் ஒருவன், விளக்குக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு ஒருவன். தொப்பையைத் தள்ளிக்கொண்டு தூங்குகிற ஒரு குள்ளனைப் பார்த்ததும் நெஸ்டா, "அய்யோ, இது எங்க ஆளுடி!" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தாள். அதைப் படம் பிடித்து க்விலிமுக்கு அனுப்பினாள். 'நல்லாத்தான் இருக்கான், உன்னைவிட லட்சணம்' என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஸ்டா துண்டோடு குளியலறைக்குப் போன நேரத்தில் டெலித்தின் கைபேசி அடித்தது. நெஸ்டாவின் மகன் ஹெவின்.

"அத்தை, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"குளிக்கப் போயிருக்காடா. என்ன இவ்ளோ காலையில?"



"அப்பா போயிட்டாரு அத்தை. ராத்திரி தூக்கத்துலயே. நான் பேப்பர் குடுக்க வந்து பாத்தா..."

டெலித் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முந்தின நாள் சாயங்காலம் படத்துக்குப் பதில் போட்ட மனுஷன். எதிர்ச் சுவரில் தொங்கிய தீயணைப்பு அறிவிப்பை, புரியாத பாஷையில் இருந்ததை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்களுக்கு எப்ப பிளேன்?"

"நாளைக்கு மத்தியானம்தான்டா. வாரத்துக்கு ரெண்டே தடவைதான் விடறான்."

"அப்ப அம்மாகிட்ட சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். தெரிஞ்சா அவ்ளோ தூரத்துல, ஒரு ராத்திரி பூரா என்ன செய்வாங்க? நான் பிரிஸ்டல் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன். என் வாயால நானே சொல்லிக்கிறேன்."

"டேய், அது எப்படிடா..."

நடையில் நெஸ்டாவின் பாட்டுச் சத்தம் கேட்டது. டெலித் போனை அணைத்துவிட்டாள். சரி என்று அவள் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

"வெந்நீரு என்னமா கொதிக்குது! யாருடி போன்ல?"

"குளத்துல இருந்து. சாவி எங்கேன்னு கேக்கறானுங்க."

முதல் பொய் அது. பல்லில் ஒட்டிய மிட்டாய் மாதிரி வாயைவிட்டுப் போகவில்லை.

நெஸ்டா தலை துவட்டுகிற நேரத்தில் டெலித் கீழே ஓடினாள். விடுதி வரவேற்பு மேசையில் யாகோதா என்ற பெண் இருந்தாள். தெரிந்த ஆங்கிலத்தில் விசாரித்து, அன்றைக்கே கிளம்புகிற விமானங்களைப் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். வார்சா போய் மாறி லண்டன் போகலாம். இரண்டு பேருக்கும் கேட்ட தொகை டெலித்தின் மூன்று மாதச் சம்பளம். அதையும் கடன் அட்டையில் போட்டுவிடத் துணிந்தாள். ஆனால் அது நடுராத்திரிதான் லண்டனில் இறக்கிவிடும். அந்நேரத்துக்கு அங்கிருந்து மெர்தருக்கு வண்டி கிடையாது. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் மறுநாள் வீடு போய்ச் சேருவதில் பெரிய வித்தியாசமில்லை. இத்தனை வருஷம் மலிவு டிக்கெட்டுகளில் சந்துபொந்தெல்லாம் புகுந்து வந்தவளுக்கு இதில் ஒரு சந்தும் அகப்படவில்லை. யாகோதா திரையைத் திருப்பிக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. நவம்பரில் யாரும் எதிர்பார்க்காத மஞ்சள் வெயில். நெஸ்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆற்றங்கரையில் போட்டிருந்த கடைகளில் ஒரு கிழவர் ஆட்டுத்தோல் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் போட்டுக்கொள்வது, உள்ளே ரோமம் வைத்தது.

"இதை எங்காளுக்கு வாங்கிட்டுப் போறேன். குளிர்ல வெறுங்காலோட நிக்குது மனுஷன். அவன் கால் பத்தா, பதினொண்ணாடி?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இரு, அவனையே கேட்டுடலாம்."

நெஸ்டா போனைக் காதில் வைத்தாள். டெலித் ஆற்றைப் பார்த்தாள். வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஹெவினா? நீ எங்கடா அங்க? ஓ... தூங்கறாரா? பன்னண்டு மணிக்கா? கிளப்புல ஊத்திட்டு வந்திருப்பாரு. சரி சரி, எழுப்பாத. நல்லா தூங்கட்டும்." போனைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "நான் இல்லைன்னா ராஜாவுக்குக் கொண்டாட்டம்தான். பதினொண்ணே வாங்கிடறேன். பெருசா இருந்தா காலுறை போட்டுக்கட்டும்."

அவள் பையில் இடமில்லை. "உன்னோடதுல வையேன்" என்று நீட்டினாள். டெலித் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பால் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். பேர்தான் பால் கடை. தட்டை நீட்டினால் கொழுக்கட்டையும் பீட்ரூட் சாறும் போடுகிற மலிவுச் சாப்பாட்டுக் கடை அது. ஊரில் கையிறுக்கமான எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நெஸ்டாவுக்குத் தன் சமையலறைக்கே வந்த மாதிரி இருந்தது. கரண்டி பிடித்திருந்த பொம்பளையிடம் சைகையிலேயே மாவு பிசைகிற பக்குவம் கேட்டாள். அந்தப் பொம்பளை முதலில் முறைத்தாள். அப்புறம் முழங்கைவரை மாவு அப்பிய கையை அசைத்துச் சொல்லிக் கொடுத்து, இரண்டு கொழுக்கட்டை கூடுதலாகவும் போட்டாள்.

"பாத்தியா? ஓசியில ரெண்டு! நீ கத்துக் குடுத்த வித்தைதான்டி."

டெலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் திங்காம உக்காந்திருக்க? காசு குடுத்த சோத்தை நீ மிச்சம் வச்சு நான் பாத்ததே இல்லையே. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

நெஸ்டா எட்டி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையின் சூடு பட்டதும் டெலித் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் பிறகு என்ன? இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், இத்தனை பேருக்கு நடுவில், வீட்டுக்குப் போக ஒரு வழியும் இல்லாமல் இவள் அழ வேண்டும். சொல்லாவிட்டால் செத்த புருஷனுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். இரண்டில் எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆற்றுத் தீவுக்குப் போனார்கள். அங்கே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கறுப்பு அங்கி போட்ட ஓர் ஆள் நீளக் கழியோடு வந்து எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவான். கூட்டம் அவன் பின்னால் நடந்தது. நெஸ்டா டெலித்தின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"இதுவரைக்கும் போன ஊருலயே இதுதான்டி நல்ல ஊரு. அடுத்த தடவை அவனைக் கட்டி இழுத்துட்டாவது வரணும். மயக்க மருந்து குடுத்து ஏத்திடலாமா?"

"ம்."

"என்னடி 'ம்'? உன் வாய் எங்க போச்சு இன்னிக்கு?"

"குளிருது நெஸ்டா. போலாம் வா."

திங்கட்கிழமை விமானத்தில் இருவருக்கும் வெவ்வேறு வரிசை. பக்கத்து இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. எப்போதும் அந்தக் காசை மிச்சம் பிடிப்பதில் டெலித்துக்கு ஒரு பெருமை. அன்றைக்கு நாலு வரிசை தள்ளித் தெரிந்த நெஸ்டாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூசியது.

பிரிஸ்டலில் வெளியே வந்ததும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஹெவின் நின்றிருந்தான்.

"அட, காரோட வந்துட்டானே! பஸ் காசு மிச்சம்டி!" என்று கையை ஆட்டிய நெஸ்டா, கிட்டே போகப் போக நடையைக் குறைத்தாள். மகன் முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. கையில் அவளுடைய வீட்டுச் சாவி இருந்தது.

"அம்மா..."

"எப்ப?" என்றாள் நெஸ்டா. என்ன, யார் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"சனிக்கிழமை ராத்திரிம்மா."

நெஸ்டா மகன் மேல் விழுந்து அழவில்லை. மெதுவாகத் திரும்பி டெலித்தைப் பார்த்தாள். சாவி தேடின போன், தின்னாத கொழுக்கட்டை, குளிர் என்று சொன்னது எல்லாவற்றையும் அவள் கண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பது டெலித்துக்குத் தெரிந்தது. டெலித் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நெஸ்டா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். ஹெவின் மட்டும் திரும்பி, "வாங்க அத்தை, கார்ல போலாம்" என்றான். டெலித் தலையாட்டி மறுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். செருப்பை அன்று சாயங்காலமே நெஸ்டாவின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் திரும்பினாள்.

அடக்கத்தின்போது கடைசி வரிசையில் நின்றாள். எல்லாரும் கை கொடுக்கப் போனபோது இவளும் போனாள். நெஸ்டா கை கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே. அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பேச்சும் இல்லை. ஹெவின் ஒரு தடவை வந்து, "நான் சொல்லித்தான் நீங்க மறைச்சீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் அத்தை. அவங்க காதுல வாங்கல" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெஸ்டா வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"டாக்டரு நீந்தச் சொல்லியிருக்காரு. முட்டிக்கு."

டெலித் சீட்டை நீட்டினாள். நெஸ்டா வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"மூடி மறைச்சதுக்குக்கூட நான் உன்னைக் கோவிக்கலடி. அந்தப் பய கேட்டான், நீ செஞ்ச. உன் இடத்துல நானும் முழிச்சிருப்பேன்."

"பின்னே ஏன்டி..."

"அந்த ஞாயித்துக்கிழமை நான் அவ்ளோ சந்தோசமா இருந்தேனே. அவன் அங்க சில்லிட்டுக் கெடந்தப்ப. அதை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், சொல்லு."

பின்னால் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் வரிசையில் வந்து நின்றாள். நெஸ்டா உள்ளே போய்விட்டாள்.

இப்போது செவ்வாய்தோறும் வருகிறாள். "மழை விட்டுச்சா?", "தண்ணி சூடா இருக்கா?" என்கிற அளவுக்குப் பேச்சு உண்டு. சில நாள் நெஸ்டாவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவாள். நவம்பரில் எங்கே போகலாம் என்று ஊர்க்காரர்கள் டெலித்தைக் கேட்கிறார்கள். எந்த விமானம், எந்த பஸ், எங்கே சாப்பாடு என்று அவளும் பிசகில்லாமல் சொல்லி அனுப்புகிறாள். "நீ எங்க இந்த வருஷம்?" என்று கேட்டால், குளத்தில் ஆள் பற்றாக்குறை, லீவு தரமாட்டேன் என்கிறான் என்பாள். அவள் லீவு கேட்கவேயில்லை.