நரி கடந்த ஆறு

ஆடியும் மார்கழியும் வந்தால் அருப்புக்கோட்டையில் அச்சகங்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பத்திரிகை அடிக்க ஆள் வராது. சும்மா கிடக்கும் மிஷினைப் பார்த்தால் எங்கள் அச்சக முதலாளிக்கு மனசு பொறுக்காது. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அறுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம், என்னைக் கூப்பிட்டார்.

"மார்கழிக்குச் சின்னப் பிள்ளைக பொஸ்தகம் ஒண்ணு போடுவோம். கதையும் நீயே எழுது, படமும் நீயே போடு. பேரும் உன் பேரத்தான் போடுவேன்."

நான் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் திறக்காது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "கடையில உப்பு கேக்கவே வெக்கப்படுற ஆளு, கதை சொல்லப் போறாகளாக்கும்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். சிரிக்கட்டும். பஜாரில் பாதிக் கடையில் என் எழுத்துத்தான். ஆனால் எல்லாம் அடுத்தவர் பேர். என் பேரை நான் எங்கேயும் எழுதியதில்லை. அட்டையில் அது வரப்போகிறது என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கதை இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளரித் தோட்டம். இக்கரையில் ஒரு நரி. நரி ஆற்றைக் கடந்து போய், வயிறு முட்டத் தின்று, ஓட முடியாமல் காவல்காரனிடம் மாட்டிக்கொள்கிறது. ஆற்று மணலைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தேன். நடுவில் நரியின் காலடித் தடம். ஓரத்தில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் குடத்துக்குத் தண்ணீர் அள்ளும் ஒரு பெண். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஆறு அப்படியே இருக்கு" என்றார். எழுத்துக் கோக்கிறவரும் பார்த்துத் தலையாட்டினார்.

படங்களை அச்சுக்கான உலோகப் பிளாக்காகச் செய்ய மதுரைக்கு அனுப்பும் முன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புத்தக வியாபாரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் கொடுக்கிறவர். அவர் எடுத்துக்கொண்டால்தான் அண்ணாச்சி அச்சில் ஏற்றுவார். ஆற்றுப் படத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு எங்கங்க?"

"அதான்" என்றேன்.

"தண்ணி?"

"அடியில இருக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்க ஊர்ப் பிள்ளைங்க இதப் பாத்தா ஒட்டகம் எங்கேன்னு கேக்குமே. கதை இருக்கட்டும். படத்துக்கு எங்க பக்கத்து ஆள் ஒருத்தரை வச்சுக்கலாம்."

அண்ணாச்சிதான் பேசினார். "திருச்சுழிக் கோயிலுக்குப் போகணும்னீகள்ல. வாங்க, அப்படியே ஆத்தையும் காட்டுறோம். வண்டி போற ஆறு. கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் மூன்று பேரும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் அங்கே ஓடும் குண்டாற்றின் மணலை விரித்துக்கொண்டே போனேன். இறங்கி நடந்தால் கரையில் ஒரே கூட்டம்.

ஆறு வந்திருந்தது.

மேற்கே பெய்த மழை. கரையிலிருந்து கரைக்குச் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. சிலர் சூடம் காட்டினார்கள். விறகுக்குக் காய்ந்த பருத்திமார் லோடு ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரர், "இன்னைக்குன்னு பாத்து வருது பாரு" என்று ஆற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். காலையில் நடந்து போன ஒருவர் அக்கரையில் மாட்டிக்கொண்டு, இக்கரையில் நின்ற மனைவியிடம் கத்தினார்.

"இன்னைக்கு வர முடியாது போலிருக்கு."

"அங்கனயே இருங்க. எனக்கு உலை வைக்கிற வேலை மிச்சம்."

கரையே சிரித்தது. வியாபாரி அண்ணாச்சியைப் பார்த்தார். "வண்டி போற ஆறுன்னீங்க?"

"நேத்து வரைக்கும் போச்சு" என்றார் அண்ணாச்சி, ஆற்றைப் பார்க்காமல்.

என் படம் முழுக்கப் பொய்யாகிவிட்டது. இந்தத் தண்ணீரில் நரி கால் வைத்தால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். கரை நெடுக ஆணும் பெண்ணுமாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் பார்க்காமல் நின்றார்கள். இவர்கள் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது.

"நரி கரையில நிக்கட்டும்" என்றேன். என்னை அறியாமல் சத்தமாக வந்துவிட்டது.

"நரியா? எங்கலே?" என்று பக்கத்தில் ஒருவர் கம்பைத் தேடினார்.

வியாபாரி என் பக்கம் திரும்பினார். "நின்னு?"

"எல்லாரோடயும் நின்னு, தண்ணி எப்ப வடியும்னு பாக்கட்டும்."

"வெள்ளரிக்கா என்னாவுது?"

அக்கரை ஆளைக் காட்டினேன். "அவுக தின்னுருவாக."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "இதையும் நீங்களே வரைஞ்சுடுங்க" என்றார்.

கோயிலுக்கு அவர்கள் போனார்கள். நான் கரையிலேயே உட்கார்ந்து, நிற்கிறவர்களை ஒவ்வொருவராக வரைந்தேன். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் என் பழைய படத்தையே வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தண்ணீர் வடிந்து, நரி மணலில் நடந்து போன தடம் தெரிகிறது. அக்கரையில் வெள்ளரிக் காம்புகள்தான் கிடக்கின்றன. முன் பக்கங்களில் தண்ணீர் ஓடியதைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் இனி ஒட்டகம் கேட்காது என்று வியாபாரியும் ஒத்துக்கொண்டார்.

மார்கழியில் புத்தகம் வந்தது. கறுப்போடு நீல மையும் போட்டிருந்தார் அண்ணாச்சி. அட்டையில் என் பேரைத் தடவிப் பார்த்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எதுக்கு இம்புட்டு நீலம்" என்றாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். "இதுதான் ஆறு மாதிரி இருக்கு."