கலர் தப்பின டப்பாக்கள்

நான் பெயிண்ட் கடையில வேலை பாக்கறவன். பதினெட்டு வருஷம் ஆச்சு. எனக்கு வாய் ஜாஸ்தின்னு முதலாளியே சொல்லுவார், சொல்லிட்டுப் போகட்டும். ஆனா வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு இடத்துல நான் கம்முன்னு இருந்துட்டேன். அது என் வீட்டுக்காரி விஷயம்.

கடையில கலர் கலக்குற மிஷின் இருக்கு. ஷேடு கார்டைப் பாத்து நம்பரை அடிச்சா கலர் வரும். ஒரு நம்பர் மாறினா வேற ஏதோ வரும். அந்த டப்பாவை எவனும் சீந்த மாட்டான். நான்தான் அவசரக்குடுக்கையாச்சே, மாசத்துக்கு ரெண்டு டப்பாவாவது தப்பிடும். எல்லாம் எங்க வீட்டு பால்கனியில வந்து குவியும். இன்னிக்கு அந்தத் தப்பு நம்பர் ஒவ்வொண்ணுக்கும் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போடறேன்.

என் வீட்டுக்காரி சின்ன வயசுல நோட்டுப் பின்பக்கமெல்லாம் படம் போடுவாளாம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்ல. பெரியவ பொறந்தா, அப்புறம் சின்னவன். எட்டு வருஷம் பால் பாட்டில், காய்ச்சல், ஸ்கூல் பைன்னே ஓடிப்போச்சு. சின்னவனும் ஸ்கூலுக்குக் கிளம்பின வாரம் வீடே வெறிச்சுன்னு ஆயிடுச்சாம். பால்கனிக்குப் போய் ஒரு டப்பாவைத் திறந்திருக்கா.

சாயங்காலம் நான் வந்து பாத்தா, அட்டைப்பெட்டி மேல எங்க வீட்டுத் துணிக்கொடி. அதுல என் கிழிஞ்ச பனியன்!

"அடிப்பாவி, மானத்தை வாங்குறியே! நல்ல சட்டையா பாத்துப் போடக் கூடாதா?"

"அந்தக் கிழிசல் வழியாத்தாங்க வெளிச்சம் வருது"ன்னா. எட்டு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

சொல்லிக்கொடுக்க யாருமில்ல. கை வரையப் பழகவே நாலு மாசம் ஆச்சு. தூங்குற சின்னவன் கையைப் பாத்துப் பாத்துப் போடுவா, எண்ணினா ஆறு விரல் இருக்கும். "உங்க பரம்பரையில யாருக்காவது ஆறு விரலா?"ன்னு கிண்டல் பண்ணுவேன். காதுல போட்டுக்க மாட்டா.

ஒருநாள் பெரியவளுக்குக் காய்ச்சல். குழந்தைங்களைப் பாக்கற டாக்டரம்மாகிட்ட காட்டறதுக்குன்னு, அம்மா போட்ட படம் ஒண்ணை அவளே கையோட கொண்டுபோயிட்டா. டாக்டரம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "பிள்ளைங்க காத்திருக்கிற ரூமுக்குப் பெருசா ஒண்ணு போட்டுக் கொடுப்பீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. இவளுக்குத் தலைகால் புரியல. கழட்டி வச்ச பழைய பீரோ கதவு ஒண்ணு இருந்தது, மைக்கா ஒட்டினது, வழவழன்னு இருக்கும். ரெண்டு மாசம் அதுமேல வரைஞ்சா. மழைக்கு ஒதுங்கி நிக்கிற பிள்ளைங்க பன்னெண்டு பேர். ஒவ்வொரு மூஞ்சியும் ஒவ்வொரு தினுசு.

மாட்டி மூணு வாரத்துல போன் வந்தது. போய்ப் பாத்தா பெயிண்ட் பட்டை பட்டையா உரிஞ்சு தொங்குது. வந்த பிள்ளைங்க நகத்தால இழுத்துப் பாத்திருக்கு. மூணு பேருக்கு மூஞ்சியே இல்ல.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "இதுல பெயிண்ட் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். வழவழப்பு போகத் தேய்க்கணும், பிரைமர் அடிக்கணும், அப்புறம்தான் பெயிண்ட். வர்ற போற ஆளுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்றவன் நான். ரெண்டு மாசம் அவளைத் தாண்டித் தாண்டித்தான் குளிக்கப் போனேன். ஏதோ பொழுதுபோக்குக்குப் பண்றா, பண்ணட்டும்னு விட்டுட்டேன்.

"தெரியும்"னேன். என் மூஞ்சில ஈயாடல.

"உரிஞ்சது போகட்டுங்க. எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லன்னு நெனச்சீங்களே!"

கதவை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். டப்பாவையெல்லாம் மூடிப் பரண்ல ஏத்திட்டா. மூணு நாள் அந்தப் பக்கமே போகல. இனி இவ பிரஷ்ஷைத் தொட மாட்டாளோன்னு பயந்து டாக்டரம்மாகிட்ட ஓடினேன். டாக்டரம்மா நல்லா இருக்கணும். "வேற படமெல்லாம் மாட்டப்போறதில்ல, மெதுவா வரைஞ்சு கொண்டுவரச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையிலேயே அந்தக் கதவோட உட்கார்ந்தேன். மிச்சத்தைச் சுரண்டி, உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, தூசு துடைச்சேன். கை மரத்துப்போச்சு. அவ வந்து நின்னா. விரலை வச்சுத் தடவிப் பாத்தா.

"இந்த மூலை இன்னும் வழவழன்னு இருக்கு. கடைக்காரருக்குத் தெரியலையா?"

மறுபடி தேய்ச்சேன். பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்சேன். அது காயறதுக்குள்ள பரண்லேர்ந்து அவளே டப்பாவை இறக்கினா. "இந்த நீலத்துல எவ்வளவு தண்ணி ஊத்தினா தாங்கும்?"னு கேட்டா. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம், ஒண்ணு விடாம, பதினெட்டு வருஷத்தையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சமையல் என்னோடது. உப்பை ரெண்டு தடவை போட்டுத் தொலைச்சிட்டேன். பெரியவ தட்டைத் தள்ளிட்டா, சின்னவன் துப்பிட்டான். அவ மட்டும் ஒரு வாய் விடாமச் சாப்பிட்டு முடிச்சா. கண்ணு பூரா பாதி வரைஞ்ச கதவு மேலதான் இருந்தது.