செவந்தி எழுதிய கனகாம்பரம்

கீரமங்கலம் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் செவந்திக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்றன்றைக்கு வந்த பூக்களின் பெயரைக் கடை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவது அவள்தான். முத்து முத்தான கையெழுத்து. அப்படிப்பட்டவள் ஒருநாள் 'கனகாம்பறம்' என்று எழுதிவைத்துவிட்டாள்.

"என்னக்கா, புதுப் பூவா? எந்த ஊருலேருந்து வந்துச்சு?" என்றான் எதிர்க்கடை மூக்கன். சந்தையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் பலகையைத் துடைத்துத் திருத்தும்போது பயம் வந்தது. பார்த்தால் தப்பு தெரிகிறது, எழுதும்போது மட்டும் கை தடுமாறுகிறதே! புத்தி மழுங்குகிறதோ?

சாயங்காலம் நாத்தனார் வனிதா வந்தாள். ஆலங்குடியில் தமிழ் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும், "நான் சொல்றத எழுதுங்க அண்ணி, பாப்போம்" என்று பேப்பரை நீட்டினாள்.

'வரவேற்பு', 'பிற்பகல்', 'கண்ணீர்' எதிலும் பிசகில்லை. எருமைதான் 'எறுமை' ஆகிவிட்டது. கருணை 'கருனை' ஆனது.

வனிதா சிரித்தாள். "பிரிச்சுப் பாக்க முடியிற சொல்லெல்லாம் சரியா வருது அண்ணி. கண்ணு, நீருன்னு புடிச்சுக்க ஏதோ இருக்கு. எருமைய எங்கிட்டுப் பிரிக்கிறது? அதான் வழுக்குது. வயசாக ஆக எழுத்து கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இதுக்குப் போயி பயந்தீங்களா?"

"அப்ப கனகாம்பரம்?"

"அதப் பிரிக்கலாமே. கனகம்னா பொன்னு, அம்பரம்னா துணி. பொன்சேலை! நீங்க வாயால சொல்லாத பேருலயும் அதே எழுத்துதான் வருது."

செவந்தி யோசித்தாள். புருஷன் பெயர் சிதம்பரம். "ஆத்தாடி!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுக்குச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதே விளையாட்டாகிவிட்டது. வேப்பம்பூ, தாழம்பூ, நற்செய்தி, நாற்காலி என்று பூ வாங்க வந்தவர்களையும் விடவில்லை. நூலக விழாவில் ஐம்பது கடந்தவர்களுக்குப் பிழையில்லாமல் எழுதும் போட்டி என்றதும், வனிதா கேட்காமலே அண்ணியின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

'தண்ணீர்ப்பந்தல்', 'பொற்காசு' என்று நீளமான சொற்களையெல்லாம் செவந்தி ஊதித் தள்ளினாள். கடைசியில் வந்தது குரங்கு. 'குறங்கு' என்று எழுதினாள். இரண்டாம் பரிசாக எவர்சில்வர் தூக்குவாளி கிடைத்தது.

"ஒரு குரங்கால மொதப் பரிசு போச்சே!" என்றார் சிதம்பரம்.

"அதாங்க எனக்கும் வெக்கமா இருக்கு. இத்தன வருசமாக் கூடவே இருந்தும் எழுதத் தெரியலையே!"

வனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். விளங்கியதும் சிதம்பரமும் சிரித்துவிட்டு, இருவரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சூடாக வடை வாங்கிக் கொடுத்தார்.