சங்கரேஸ்வரியின் வேக விமர்சனம்

தாராவியில் பைகளுக்கு ஜிப் தைக்கும் சங்கரேஸ்வரி படித்தது இந்திப் பள்ளியில், அதுவும் ஐந்தாவது வரை. கோயில் நோட்டீஸில் தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு விடிந்துவிடும். அப்பேர்ப்பட்டவள்தான் இலக்கிய விமர்சகர் ஆனாள்.

மகள் ஜான்சி போனில் ஒலிநூல் ஆப் போட்டுக் கொடுத்து, மாட்டுங்கா வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டாள். குழுவை நடத்தும் மகாதேவன் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். நானூறு பக்க நாவல் ஒன்றைப் பற்றி ‘தாமதத்தின் அழகியல்’ என்று ஏழு பக்கம் எழுதிப் போட்டார். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அதே நாவலைக் கேட்டு முடித்த சங்கரேஸ்வரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். “தாமதமா? கத விரார் ஃபாஸ்ட் ரயிலு கணக்கால்லா ஓடுது! புருசன் செத்த பொம்பளைக்கு அழக்கூட நேரமில்ல. நம்ம பொழப்பும் அதான?”

அது முலுண்ட், உல்லாஸ்நகர் வரை பறந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளெல்லாம் நாவலைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கதை ஆமையாக நகர்ந்தது. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் புரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டார்கள். மகாதேவனோ ‘சங்கரேஸ்வரியின் வேகக் கோட்பாடு’ என்று இன்னொரு கட்டுரை எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச அவளையே அழைத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம், பேசுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்கலாம் என்று போட்டால், வாசிப்பவரின் குரல் இழுஇழு என்று இழுத்தது.

“ஏட்டி, இவருக்கு மேலுக்கு முடியலையா?”

“இல்லம்மா. இத்தன நாளும் ரெண்டு மடங்கு ஸ்பீடுல வச்சிருந்தேன். நேத்துதான் மாத்துனேன்.”

நாளைக்கு எந்த முகத்தோடு மேடை ஏறுவது? ஆனாலும் சங்கரேஸ்வரி கேட்பதை நிறுத்தவில்லை. நாவலில் அந்தப் பெண் இறந்தவனின் சட்டையை மடிக்கும் இடம் வந்தது. மடிக்கிறாள், மடிக்கிறாள், முடியவே இல்லை. சங்கரேஸ்வரி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். புருஷன் போன நாலாம் நாளே ஜிப் தைக்க உட்கார்ந்தவள் அவள்.

மறுநாள் மேடையில் உள்ளதைப் போட்டு உடைத்தாள். “நான் ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டுட்டு உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. மெதுவாக் கேட்டாத்தான் அவ அழுதது தெரியுது. எல்லாரும் இன்னொருக்கக் கேளுங்க.”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கூட்டம் கலைந்ததும் மகாதேவன் போனோடு அருகில் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, அந்த ரெண்டு மடங்கை எங்கே அமுக்கணும்? நான் நாற்பதாம் பக்கத்தையே இன்னும் தாண்டலை.”