பிடுங்கிய அரைக்கீரை

மண்ணைத் தொட்டால் மனசு லேசாகும் என்று வீட்டுக்காரம்மா சொன்னபோது நான் அவருடைய முழங்காலைத்தான் பார்த்தேன். இரண்டிலும் பட்டை கட்டியிருந்தார். தரையில் உட்கார முடியாதவர். மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகளும் மண் பைகளுமாக வைத்திருக்கிறார். குனிந்து களையெடுக்க ஆள் தேடுகிறார் என்று எனக்குப் பட்டது.

அவர் சொன்னது என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் ஒரு வருசம் சிரிக்கவே இல்ல. இந்தச் செடிகதான் என்னயத் தூக்கி நிறுத்துச்சு. இங்க நிக்கிறது கோயில்ல நிக்கிற மாதிரி, ஒரு தியானம். மேல வாங்க, கைக்கும் நல்லது."

மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறவரும் அண்ணே, கடை முதலாளியும் அண்ணே. அந்தச் சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியே என்னைப் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். சின்ன வயதில் என்னை வரப்பில்கூட அவர் நிற்க விட்டதில்லை. "போயிப் படி" என்பார். அம்மா போன பிறகு எனக்கு அவர் மட்டும்தான். கை விழுந்ததும் ஆனையூரில், வீட்டுக்காரம்மாவின் வீட்டுக்கு மேல்தளத்தில் நான் வாடகைக்கு இருக்கும் இடத்துக்கு அழைத்து வந்தேன். இனி யாருடைய மண்ணிலும் இவர் குனியக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்து சேரணும். இந்தச் சில மாசத்துல சேரலன்னா அப்புறம் கஷ்டம்" என்று பிசியோதெரபி பார்ப்பவர் சொல்லியிருந்தார். துணி மாட்டும் கிளிப்பைக் கொடுத்து அழுத்திப் பழகச் சொன்னார். அப்பா அதைத் தூக்கி மூலையில் எறிந்தார். "துணியே இல்லாம கிளிப்ப எதுக்குத்தா அமுக்கணும்?" பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சாமி படத்தின் முன்னால்கூட நிற்பதில்லை. கேட்டால், "ஒத்தக் கையால எப்படித்தா கும்புடுறது?" என்பார்.

இப்படி இருந்தவர் மொட்டை மாடிக்குப் போகத் தொடங்கினார். நான் சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் நகக்கண்ணில் மண் இருக்கும். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் வந்தது. ஒருநாள் சீக்கிரமே வந்து, சத்தமில்லாமல் படியேறிப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா நாற்காலியில் இருந்தார். அப்பா தரையில் குந்தியிருந்தார். நான் சின்ன வயதில் தூரத்திலிருந்து பார்த்த அதே காட்சி.

அந்த வாரமே அடுத்த வீட்டுப் பெண்ணிடம் வீட்டுக்காரம்மா அரைக்கீரைக் கட்டு ஒன்றை நீட்டியபடி சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். "நான் போட்டதுதான், மருந்தே அடிக்கல." நான் போட்டதாம்! அதற்கப்புறம் அவர் தன் தங்கையிடம் போனில் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசும்போதெல்லாம், புரியாத அந்தப் பேச்சுக்குள் எங்களைப் பற்றி என்ன ஓடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அவங்க உங்ககிட்ட வேலை வாங்குறாங்கப்பா. தியானம், மனசுன்னு சும்மா பேச்சு."

அப்பா இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "தெரியாமயா இருக்கேன்? ஆயுசு பூராம் வேலை வாங்குனவங்களப் பாத்தவன்த்தா நான். வாங்கட்டும். இந்தக் கைகிட்டயும் வேலை வாங்கலாம்னு அந்தம்மாவாச்சும் நெனைக்குதுல்ல."

அதற்கும் என் கோபம் போகவில்லை. அப்பா வளர்த்த கீரை முதலில் எங்கள் வீட்டுச் சட்டியில் வேகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாடிக்குப் போனேன். நீளத் தொட்டியில் அரைக்கீரை தளதளவென்று நின்றது. சந்தையில் வேரோடு விற்கும் கீரையைத்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வேரோடு இழுத்தேன். தொட்டி காலியானது. மண்ணை உதறி, கட்டாகக் கட்டி, ஜெயித்தவள் மாதிரி இறங்கி வந்து அப்பாவின் முன்னால் வைத்தேன்.

அப்பா வேர்களைப் பார்த்தார். முகம் கோணியது.

"அடிப்பாவி! அரைக்கீரையப் போயி யாராச்சும் பிடுங்குவாகளா? கிள்ளணும்த்தா. கிள்ளக் கிள்ளத்தான் தழையும். நாளைக்கு நான் எதக் கிள்ளுவேன்?"

பக்கவாதம் வந்த பிறகு அவர் குரல் இவ்வளவு உயர்ந்தது அன்றுதான். கடைசிக் கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இத்தனை நாள் அவர் கிள்ளியிருக்கிறார். நான் பார்த்த அன்று குந்தியிருந்த உடம்பைத்தான் பார்த்தேன்; விரல்களைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொத்தமுமா?"

"ஆமா. எங்கப்பா போட்டதுதானே" என்றேன். தலையைக் குனியவில்லை.

"போன மாசம் நானும் கத்திரிக்கோலப் போட்டு அடியோட வெட்டி உங்கப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்ப உன் முறை." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு முட்டி மடங்காது, அவருக்குக் கை மடங்காது. நான் ஆள் பிடிச்சேன்னுதானே நெனச்ச? அப்படியும் வச்சுக்க, தப்பில்ல" என்றார்.

இதை அவரே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதிலும் ஏதாவது சாமர்த்தியம் இருக்குமோ என்று யோசித்தேன்.

அப்பா இருவரையும் பொருட்படுத்தவில்லை. "விதை இருக்கா?" என்றார். மூவரும் மாடிக்குப் போனோம். அரைக்கீரை விதை கடுகைவிடப் பொடி. தனியாகத் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்று மணலோடு கலக்கச் சொன்னார். கலந்தேன். தொட்டி முன்னால் குந்தி, இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி நெஞ்சுக்கு நேராக ஒரு கணம் சேர்த்து வைத்தார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. பிறகு வலது கையைக் கிண்ணத்துக்குள் விட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டே நெருங்கி, கொஞ்சம் மணலைப் பிடித்தன. தூவியதில் பாதி வெளியே விழுந்தது. மறுபடி பிடித்தார்.

"தியானம்னா இதுதான்" என்றார் வீட்டுக்காரம்மா.

"தூவுறது அவரு, தியானம் உங்களுக்கா?" என்றேன். அப்பா மூக்கால் சிரித்தார்.

ஒரு வாரத்தில் முளைத்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். அப்பா தொடங்கிய பக்கம் நாற்றுகள் குப்பையாக ஒரே குவியல், நடுவில் மொட்டை மொட்டையாக வெற்றிடம். கடைசி ஒரு சாண் மட்டும் பரவலாக, ஒன்றையொன்று நெருக்காமல் நின்றது. அந்த ஒரு சாணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே வீட்டுக்காரம்மா தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நடுவே 'அண்ணே' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. மற்றது எதுவும் எனக்குப் புரியவில்லை. கீரையை யார் போட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ.