தேரிக்காட்டில் கழன்ற வடம்

நான் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார். எனக்கு எதற்கு, சிக்கிய வண்டிகளை இழுக்கும் வின்ச் பூட்டிய பழைய ஜீப் என்று பாளையங்கோட்டையில் கேட்காதவர்கள் இல்லை. ஜீப்பின் மூக்கில் உருளையில் சுற்றிய இரும்பு வடம் பார்க்கக் கம்பீரமாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

வடத்தின் முனை கொக்கிக்கு அருகே பிரிந்து முள்ளாக நின்றது. வெட்டிவிட்டு நானே புதுக் கண்ணி கட்டினேன். முனையை வளையமாக மடித்து, மடித்த குட்டை முனையையும் நீளக் கம்பியையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு முறுக்க வேண்டும். கிளாம்புக்கு ஒரு பக்கம் வளைந்த போல்ட், மறுபக்கம் வரிப்பள்ளம் வெட்டிய தடித்த இரும்புக் கட்டை. வாங்கிய நான்கில் இரண்டை மட்டும், ஒன்றை இப்படியும் ஒன்றை எதிர்ப்புறமுமாகப் போட்டேன். சமச்சீராக இருந்தது. படம்கூட எடுத்துவைத்தேன்.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு சாத்தான்குளம் பக்கம் எங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போனோம். பொங்கல் பானை, விறகு, சொந்தக்காரர்கள் என்று நிறைந்திருந்த வேனை என் ஜீப்புக்குப் பின்னால் அக்கா வீட்டுக்காரர் ஓட்டிவந்தார். தேரியின் செம்மணலில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.

"கவலைப்படாதிங்க அத்தான், நம்மட்ட வின்ச் இருக்குல்லா" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

ஜீப்பைக் கெட்டியான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கொக்கியை வேனில் மாட்டினேன். அத்தான் வடத்தின் பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணே, அங்கன நிக்காதிங்க! அறுந்தா ஆளையே வெட்டிரும்" என்று மனைவி சத்தம் போட்டாள். எல்லோரையும் தூரத்துக்கு விரட்டி, பானை கழுவ வைத்திருந்த தண்ணீரில் சாக்கை நனைத்து வடத்தின் நடுவில் போட்டாள். என் முகத்துக்கு மறைப்பாக ஜீப்பின் பானெட்டையும் தூக்கிவிடச் சொன்னாள். என் வீரத்துக்கு அவமானம் என்று முனகிக்கொண்டே தூக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.

வடம் விறைத்தது. வேன் ஒருமுறை குலுங்கியது. அடுத்த நொடி 'டங்' என்று ஒரு சத்தம். பானெட் அதிர்ந்தது. கொக்கி வேனிலேயே தொங்கியது. கண்ணி அவிழ்ந்து வடம் மட்டும் திரும்பி வந்திருந்தது. சாக்கு பாதி வேகத்தை விழுங்கியும், பானெட்டில் என் முகத்துக்கு நேராக ஒரு குழி. இறங்கினேன். மணல் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"மாப்ளே, கட்டும்போது யாரிட்டயாவது கேட்டியா?" என்றார் அத்தான்.

"வீடியோ பாத்தேன் அத்தான்."

"முழுசா?"

பாதி. பேசியவர் வளவளவென்று பேசினார், நிறுத்திவிட்டேன். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. மொத்தக் குடும்பமும் என் தோளுக்குப் பின்னால் நின்று மீதியைப் பார்த்தது. போல்ட் எப்போதும் மடித்த குட்டை முனையின் மேல்தான் அமர வேண்டுமாம். கட்டை, பாரம் இழுக்கும் நீளக் கம்பியின் மேல். மாற்றிப் போட்டால் போல்ட் பாரக் கம்பியை நசுக்கிவிடும். "சிலர் அழகுக்காக எதிரெதிராகப் போடுவார்கள்" என்று அவர் சொன்னபோது பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது.

ஜீப்பிலிருந்த சாமான் பெட்டியை எடுத்துவந்து, நசுங்கிய பகுதியை டேப் சுற்றி ரம்பத்தால் அறுத்தேன். கிளாம்புகளோடு வாங்கி அன்று போடாமல் விட்ட, தேய்மானம் தாங்கும் இரும்பு வளையத்தைக் கண்ணிக்குள் வைத்து, மூன்று கிளாம்புகளை ஒரே பக்கம் பார்த்துப் போட்டேன். அத்தான் ஸ்பானரைப் பிடுங்கி அவரும் முறுக்கினார்.

"பைய இழு மாப்ளே."

வடத்தைக் கொஞ்சம் விறைக்கவிட்டுத் தளர்த்தினேன். பாரம் பட்டதும் வடம் மெலியும் என்று வீடியோக்காரர் சொன்னது சரிதான். நட்டுகள் இன்னும் கொஞ்சம் திரும்பின. மறுபடி எல்லோரும் தூரப் போனார்கள், சாக்கு போட்டோம். இந்த முறை வேன் முனகிக்கொண்டு மணலைவிட்டு ஏறி வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அது எனக்கா சாஸ்தாவுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

பொங்கல் பொங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நசுங்கி அடிபட்ட வடத்தை நம்ப மனமில்லாமல், அடுத்த வாரம் தூத்துக்குடியில் கப்பல் சாமான் கடையில் ஆலையிலேயே கண்ணியை எந்திரத்தால் அழுத்திக் கட்டி வரும் புது வடம் வாங்கினேன். கடைக்காரர் கிளாம்ப் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்.

இந்த வருஷம் அத்தான் வேனைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டார். விறகுக்கட்டு என் தலையில் வந்தது.